பழைய ஸ்பீக்கர் பெட்டியை வீட்டிலேயே திறந்து சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி என்று நம் பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் கல்ஃபிலிருந்து வந்த ஸ்டீரியோ செட் ஒன்று யாராவது வீட்டில் இருக்கும். டேப் டெக் போயிருக்கும், சிடி ஓடாது, ரிமோட் எங்கே என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஸ்பீக்கர் பெட்டி ரெண்டும் பீரோ மேலே அப்படியே இருக்கும். இப்போது சின்னதாக ஒரு புளூடூத் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கி அதோடு சேர்த்துவிடலாமே என்று இறக்குகிறார்கள். இறக்கியதும் வரும் சந்தேகங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்துவிட்டேன்.

பெட்டியத் திறந்தா ஷாக் அடிக்குமா அண்ணாச்சி?

அடிக்காது. ஆம்பிலிருந்து வரும் ரெண்டு வயரைக் கழற்றிவிட்டால் உள்ளே கரண்ட் என்று எதுவும் இல்லை. ஆனால் பெட்டியிலிருந்தே பிளக் போட்ட வயர் வருகிறது என்றால் உள்ளே ஆம்ப் இருக்கிறது என்று பொருள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கண்டென்சரில் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும், பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். இங்கே பேசுவதெல்லாம் வெறும் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி மட்டும்தான்.

பாட்டு கரகரன்னு வருது. ஸ்பீக்கர் போயிட்டுன்னு அர்த்தமா?

முதலில் இடது வயரையும் வலது வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கரகரப்பும் கூடவே அடுத்த பெட்டிக்கு மாறினால் கோளாறு ஆம்பிலோ வயரிலோ இருக்கிறது, பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அதே பெட்டியில் நின்றால் மட்டும் முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றுங்கள். பெரும்பாலும் நாலு மூலையிலும் குமிழ் வைத்துச் செருகியிருப்பார்கள், மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

பெட்டியிலிருக்கும் பெரிய ஸ்பீக்கரைத்தான் ஊஃபர் என்பார்கள். அதன் கூம்பு வடிவக் கோனுக்கும் வெளியே இருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் வளைந்த ஒரு வளையம் இருக்கும், கோன் முன்னும் பின்னும் போய் வருவது அதை நம்பித்தான். அதை விரலால் லேசாகத் தொடுங்கள். ரப்பர் என்றால் வளைந்து கொடுக்கும், துணி என்றால் நெய்த தடம் தெரியும், இந்த ரெண்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஃபோம் என்றால் தொட்ட இடம் உதிர்ந்து, விரலில் தாரைத் தொட்டது மாதிரி கறுப்பாகப் பிசுபிசுக்கும். பாலியூரித்தேன் ஃபோம் காற்றிலிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிற பொருள், சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பதினைந்து இருபது வருடத்தில் அதன் கதை முடிந்துவிடும். 'நாங்க பாட்டே போடலையே, சும்மாதானே இருந்துச்சு' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சும்மா இருந்தாலும் அது மக்கத்தான் செய்யும்.

அப்போ புது ஊஃபர் ஒண்ணு வாங்கி மாட்டிட்டா வேலை முடிஞ்சிதே?

வேலை முடியும், ஆனால் பழைய சத்தமும் அதோடு முடிந்துவிடும். உள்ளே எத்தனை லிட்டர் காற்று, பெட்டிக் காற்று வெளியே வந்துபோகும் துவாரம் எத்தனை அகலம், அதன் குழாய் எத்தனை நீளம் என்பதெல்லாம் அந்தக் குறிப்பிட்ட ஊஃபருக்காகக் கணக்குப் போட்டு வைத்தது. இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை செய்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற ரெண்டு பேர். 1960-களிலும் 70-களிலும் அவர்கள் எழுதி வைத்த அளவுகளைத்தான் இன்றும் ஸ்பீக்கர் கம்பெனிகள் தாளில் அச்சடித்துக் கொடுக்கின்றன. ஓட்டைக்குச் சரியாக உட்காருகிற ஊஃபர் அந்தப் பெட்டிக்கும் சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதிலும் முக்கியமாக, உங்கள் ஊஃபர் சாகவில்லை. காந்தம் அப்படியே இருக்கிறது, கோனை ஆட்டுகிற கம்பிச் சுருளான காயில் இருக்கிறது, கோன் இருக்கிறது. போனது வளையம் மட்டும்தான். அதை மட்டும் வாங்கி ஒட்டிவிடலாம், முழு ஊஃபர் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். நான் பார்த்தவரை நல்ல பெட்டிகள் கெட்டுப்போனது வயதால் அல்ல, இப்படி அவசரப்பட்டு மாற்றியதால்தான்.

எங்க ஊர்ல கோயில் கொடைக்கு மைக்செட் போடுற மாமா காயில் கட்டிக் குடுப்பாரு. அவர்கிட்ட குடுத்துரலாமா?

காயில் எரிந்திருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், அந்தக் கைவேலை எல்லோருக்கும் வராது. ஆனால் அவர் தினமும் பார்ப்பது சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டு அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும் என்று செய்த ஸ்பீக்கர்களை. அதன் கோன் கெட்டியாக, விளிம்பும் விறைப்பாக இருக்கும். அந்தக் கோனை உங்கள் பெட்டியின் ஊஃபருக்குப் போட்டால் சத்தம் வரும், கீழ்ச் சுருதி வராது. 'மாமா, கோனை மாத்த வேண்டாம், பழைய காயில் எத்தனை ஓமோ அதே ஓம், அதே விட்டம்' என்று சொல்லிக் கொடுங்கள். வளையம் மட்டும் போயிருந்தால் அவரிடம் போக வேண்டிய தேவையே இல்லை.

காயில் எரிஞ்சிருக்கா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?

சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். ஓம் அளவில் வைத்து, ரெண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு அது என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஊஃபரின் ரெண்டு தகட்டிலும் வைத்துப் பாருங்கள். 8 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், 6 ஓம் என்றால் நாலரை முதல் ஐந்தரை, 4 ஓம் என்றால் 3-லிருந்து 3.8 வரை. எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. ரொம்பவும் கீழே காட்டி, மூக்கை வைத்தால் கருகின வாடையும் வந்தால் எரிந்திருக்கிறது.

மேல் சத்தத்துக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைப் பெட்டியின் பின்னாலிருக்கும் முனைகளிலிருந்து அளக்காதீர்கள். நடுவில் கண்டென்சர் இருப்பதால் ட்வீட்டர் மீட்டருக்குத் தெரியாது, ஊஃபரின் அளவைத்தான் காட்டும். ஒரு வயரைக் கழற்றிவிட்டு நேராக அதன் முனையிலேயே அளக்க வேண்டும்.

ஸ்க்ரூ நாலையும் கழட்டிட்டேன், ஸ்பீக்கர் அசையவே மாட்டேங்கு

அடியிலிருக்கும் கேஸ்கட் வருடக்கணக்கில் மரத்தோடு ஒட்டிப்போயிருக்கும். பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, மெல்லிய பிளேடை விளிம்பைச் சுற்றி ஓட்டுங்கள். எதிரெதிரே ரெண்டு ஸ்க்ரூவைப் பாதி மட்டும் முடுக்கி, அதைப் பிடித்து மேலே தூக்கினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்பினால் பெட்டி மேல் ஒட்டிய மெல்லிய வெனியர் தோல் பெயர்ந்து வரும். சில பெட்டிகளில் ஸ்க்ரூவே கண்ணில் படாது, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் வளையத்துக்குள் ஒளிந்திருக்கும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் கோனில் ஓட்டை போடுகிறார்கள். பின்னாலிருக்கும் காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும், முனை நேராகக் கோனில் போய்க் குத்தும். ஒரு அட்டையை வட்டமாக வெட்டிக் கோன் மேல் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வயரைப் பிடுங்கும் முன் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக அகலமான தகடு பிளஸ், அல்லது சிவப்புப் புள்ளி இருக்கும் பக்கம் பிளஸ்.

உள்ள மஞ்சளா பஞ்சு இருக்கு, துவாரத்துல பல்லி முட்டை வேற. எடுத்துப் போட்டுரட்டா?

முட்டையை எடுத்துப் போடுங்கள், பஞ்சை எடுக்காதீர்கள். மஞ்சள் பஞ்சு கண்ணாடி இழையாக இருக்கலாம், வெறும் கையால் தொட்டால் அன்றைக்கு முழுக்க அரிக்கும். மாஸ்க், முழுக்கைச் சட்டை, கையுறை. நாறிப்போய் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் தலையணைக்குப் போடும் ரெக்ரான் பஞ்சை, முன்னால் எவ்வளவு இருந்ததோ ஏறக்குறைய அவ்வளவே வையுங்கள். இலவம்பஞ்சு வேண்டாம், கீழே போய் அமுங்கிவிடும், பூச்சியும் வரும். துவாரத்தின் பின்வாயை மட்டும் பஞ்சு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறரை இஞ்ச் ஃபோம்னு சொல்லித்தான் வாங்கினேன், சேரவே இல்ல

ஏனென்றால் ஆறரை இஞ்ச் என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. சட்டத்தின் வெளி விட்டத்தைச் சொல்பவர்களும் உண்டு, ஸ்க்ரூ ஓட்டைக்கு ஓட்டை அளந்து சொல்பவர்களும் உண்டு. ஆர்டர் போடும் முன் நீங்களே மில்லிமீட்டரில் நாலு அளவு எடுங்கள்: சட்டத்தில் ஃபோம் ஒட்டும் இடத்தின் வெளி விட்டம், வளைவு வெளியே முடியும் இடம், வளைவு உள்ளே தொடங்கும் இடம், கோனின் விட்டம். நாலும் ஒத்துப்போகிற வளையத்தைத்தான் வாங்க வேண்டும். கூடவே பழைய ஃபோம் கோனின் மேலே ஒட்டியிருந்ததா, அடியில் ஒட்டியிருந்ததா என்றும் பார்த்து வையுங்கள், சுரண்டிய பிறகு அது தெரியாது.

நம் ஊர்க் கடைகளில் இந்த வளையம் கிடைப்பது சிரமம். சென்னை போகிறவர்கள் யாராவது இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆன்லைன்தான்.

ஒட்டுறதுக்கு ஃபெவிகால் போதுமா? ஃபெவிக்விக் சீக்கிரம் பிடிக்குமே?

ஃபெவிக்விக் கூடவே கூடாது. காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், கோன் ஆட ஆட விரிசல் விடும். பேப்பர் கோனும் ஃபோமும் என்றால் சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும், நகர்த்திச் சரிசெய்யக் கொஞ்ச நேரமும் கொடுக்கும். கோன் வழவழவென்று பாலிபுரொப்பிலின் பிளாஸ்டிக்காக இருந்தால் ஃபெவிகால் காய்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும், அதற்கென்றே வரும் ஸ்பீக்கர் பசை வேண்டும்.

ஒட்டுவதைவிடச் சுத்தம் செய்வதில்தான் நேரம் போகும். பழைய ஃபோமை விரலாலேயே உருட்டி எடுத்து, மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். தின்னர், பெட்ரோல் பக்கம் போகாதீர்கள். சட்டம் பிளாஸ்டிக்காக இருந்தால் தின்னரில் இளகிவிடும்.

ஒட்டி மாட்டிட்டேன், இப்போ சரக் சரக்னு உரசுது

இதுதான் இந்த வேலையிலேயே கை நிதானம் கேட்கிற இடம். காயில், காந்தத்தின் நடுவிலிருக்கும் ஒரு மெல்லிய இடுக்குக்குள் தொங்கிக்கொண்டு ஆட வேண்டும். வளையம் ஒரு மயிரிழை பக்கவாட்டில் இழுத்து ஒட்டிக்கொண்டாலும் காயில் சுவரில் உரசும்.

ரெண்டு கட்டமாக ஒட்டுங்கள். முதல் நாள் வளையத்தைக் கோனோடு மட்டும் ஒட்டிக் காயவிடுங்கள். மறுநாள் சட்டத்தோடு ஒட்டும்போது, பசை ஈரமாக இருக்கையிலேயே, ரெண்டு கட்டைவிரலையும் கோனில் எதிரெதிரே வைத்து ஒரே சீராகக் கீழே அமுக்கி விடுங்கள். காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். மணலைத் தேய்க்கிற மாதிரி மெல்லிய சத்தம் வந்தால், எந்தப் பக்கம் அமுக்கும்போது வருகிறதோ அதற்கேற்ப வளையத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். சத்தமே இல்லாமல் இறங்கி ஏறும் ஒரு இடம் கிடைக்கும், அங்கேயே விட்டுவிடுங்கள். ஃபோனில் 30 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஆம்ப் வழியாக ரொம்ப மெதுவாக ஓடவிட்டும் இதைப் பார்க்கலாம், உரசினால் ஒரு ஜிர் சத்தம் கூடவே வரும்.

அப்படியும் நடுவில் நிற்கவில்லை என்றால் நடுவிலிருக்கும் மூடியைப் பிளேடால் சுற்றி அறுத்தெடுத்து, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் பழைய ஃபோட்டோ நெகடிவ்வை நாலு துண்டாக வெட்டிச் சுற்றிலும் செருகுங்கள். பசை காய்ந்தபின் உருவிவிட்டு மூடியைத் திரும்ப ஒட்டலாம். ரொம்பச் சரியான வழி இதுதான், ஆனால் மூடியை அறுக்க மனசு வராதவர்களுக்கு முந்தின வழியே பெரும்பாலும் போதும். இனிமேல்தான் ஒட்டப் போகிறீர்கள் என்றால் இதை முதலிலேயே படித்துவிட்டு ஒட்டுங்கள். ஏற்கெனவே காய்ந்து உரசுகிறது என்றால், ஃபெவிகால் ஒட்டைச் சட்டத்தின் பக்கம் மட்டும் ஈரத்துணி வைத்து இளக்கி எடுத்து மறுபடி உட்கார வைக்கலாம்.

ஐப்பசி அடைமழையில ஒட்டலாமா?

ஒட்டலாம், காய்வதற்கு ஒரு நாளுக்குப் பதில் ரெண்டு நாள் கொடுங்கள். தென்காசிப் பக்கம் சாரல் நேரத்திலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும் என்று மொட்டை மாடியில் கொண்டுபோய் வைக்காதீர்கள், கோன் கோணிக்கொள்ளும்.

கண்டென்சர் எல்லாத்தையும் மாத்தணும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். கீழ்ச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உருளையாக, என்.பி. (நான்-போலார்) அல்லது பி.பி. (பை-போலார்) என்று எழுதிய எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் இருந்தால் அது வயதாகி அளவு மாறியிருக்கலாம். மினி ஸ்டீரியோ பெட்டிகளில் கிராஸ்ஓவர் என்று பெரிதாக எதுவும் இருக்காது, ட்வீட்டர் வயரில் ஒரே ஒரு கண்டென்சர் தொங்கும், அவ்வளவுதான். 4.7 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் 4.7-ஏ போடுங்கள். 8 ஓம் ட்வீட்டரோடு அது ஏறக்குறைய 4200 ஹெர்ட்ஸில் பிரிக்கும், அளவை மாற்றினால் அந்த இடமும் நகரும், கீழ்ச் சத்தம் கூடுதலாகப் போய் ட்வீட்டரே எரியலாம். 100 வோல்ட் பாலிபுரொப்பிலின் கண்டென்சர் நல்லது, மறுபடி மாற்ற வேண்டியே வராது. பருமனாக இருக்கும், ஆடிச் சத்தம் போடாமல் டையால் கட்டிவிடுங்கள்.

கடையில நான்-போலார் இல்லன்னு சாதா கண்டென்சர் குடுத்துட்டாங்க

ஒன்றை மட்டும் அப்படியே போடக் கூடாது. பாட்டுச் சிக்னல் பிளஸ்ஸாகவும் மைனஸாகவும் மாறி மாறி வருவது, ஒரு பக்கம் மட்டும் தாங்குகிற கண்டென்சர் அதில் நிற்காது. அவசரத்துக்கு 10 மைக்ரோஃபாரட் ரெண்டை வாங்கி, ரெண்டின் மைனஸையும் ஒன்றாகச் சேர்த்து, வெளியே மிஞ்சும் ரெண்டு பிளஸ்ஸையும் முனைகளாக எடுத்தால் 5 மைக்ரோஃபாரட் நான்-போலார் கிடைத்துவிடும். 4.7-க்கு அது போதும்.

2023 வெள்ளத்துல முங்கின பெட்டி. இன்னும் வச்சிருக்கோம், தேறுமா?

அந்த டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி ஓரத்தில் எத்தனையோ வீடுகளில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். முங்கின பெட்டி பார்ட்டிகிள் போர்டு என்றால் உப்பியது உப்பியதுதான், காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வராது. ஸ்க்ரூவும் பிடிக்காது. பிளைவுட், தேக்கு என்றால் நிழலில் காயவைத்துத் தேற்றலாம். ஊஃபரை மல்ட்டிமீட்டரில் பார்த்து, மேலே சொன்ன மாதிரி அமுக்கியும் பாருங்கள். காந்த இடுக்குக்குள் வண்டல் போயிருந்தால் உரசும், அதை வெளியே எடுக்க வழியில்லை.

ஸ்பீக்கர்கள் நன்றாக இருந்து பெட்டி மட்டும் போயிருந்தால் ஆசாரியிடம் புதுப் பெட்டி அடிக்கலாம். பழைய பெட்டியின் உள் அளவை எடுத்துக் கொடுங்கள், வெளி அளவை அல்ல. உள்ளே 20, 30, 20 சென்டிமீட்டர் என்றால் 12 லிட்டர். வடிவம் கொஞ்சம் மாறினால் பரவாயில்லை, லிட்டர் மாறக் கூடாது, துவாரக் குழாயின் அகலமும் நீளமும் மாறக் கூடாது. ஏன் என்பதை ஊஃபர் கேள்வியிலேயே சொல்லியாயிற்று.

எங்க வீடு உவரி. வயர் மாட்டுற இடமெல்லாம் துரு

கடல் காற்று, என்ன செய்வது. ஸ்பிரிங் கிளிப்பைச் சுரண்டிக்கொண்டு இருக்காமல் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, திருகு வைத்த டெர்மினல் மாட்டிவிடுங்கள். பெட்டியில் காற்று கசியாமல் அடியில் ஒரு கேஸ்கட் வைக்க மறக்க வேண்டாம்.

பேரன் ட்வீட்டர விரலால அமுக்கிட்டான், குழிஞ்சிட்டு

துணி அல்லது பட்டுக் குமிழ் என்றால் செல்லோடேப்பை லேசாக ஒட்டி மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் எழும்பிவிடும். மெட்டல் என்றால் இழுக்க வேண்டாம், மடிப்பு நிற்கும், சில சமயம் கிழியும். குழிந்தபடியே நன்றாகப் பாடினால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கண்டென்சர் மாத்தியாச்சு, ட்வீட்டர் மீட்டர்ல சரியா காட்டுது, ஆனா சத்தம் மந்தமா இருக்கே?

குமிழ் வகை ட்வீட்டர் சிலவற்றில் காயில் சூட்டை உறிஞ்ச, காந்த இடுக்கில் ஃபெரோஃப்ளூயிட் என்ற இரும்புத்துகள் கலந்த எண்ணெயை விட்டிருப்பார்கள். பல வருடம் போனால் அது உறைந்து பிசினாகிக் காயிலைப் பிடித்துக்கொள்ளும். குமிழைக் கழற்றி, இடுக்கை மடித்த உறிஞ்சுதாளால் துடைத்து, புது எண்ணெயை அளந்து விட வேண்டும். குமிழ் தனியாக ஸ்க்ரூ போட்டுக் கழலுகிற மாதிரி இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். ஒட்டி வைத்ததாக இருந்தால் அதே அளவில் வேறு ட்வீட்டர் தேடுவதே மேல். ஊஃபர் விஷயத்தில் நான் சொன்ன பிடிவாதம் ட்வீட்டருக்கு அவ்வளவு பொருந்தாது, ஏனென்றால் அதற்குப் பெட்டியின் காற்றோடு தொடர்பில்லை. ஓமும் சத்த அளவும் ஒத்துப்போனால் போதும்.

ரெண்டும் தனித்தனியா நல்லா பாடுது. சேத்து போட்டா மட்டும் பேஸ் காணாமப் போகுது

ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது, ரெண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. எங்கோ பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கிறது. 1.5 வோல்ட் செல் ஒன்றை எடுத்து, அதன் பிளஸ்ஸைப் பெட்டியின் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஊஃபர் வெளியே குதிக்கிறதா, உள்ளே போகிறதா என்று கண்ணுக்கே தெரியும். ரெண்டு பெட்டியும் ஒரே பக்கம் குதிக்க வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் இது தலைகீழாக இருக்கும், உள்ளே போவதுதான் அங்கே சரி. இது ஊஃபருக்கு மட்டும், ட்வீட்டரில் செல்லை வைக்காதீர்கள்.

ஒன்று மாறிக் குதித்தால் திறந்தபோது எடுத்த ஃபோட்டோவைப் பாருங்கள். ஃபோட்டோ எடுக்கவில்லை என்றால் அந்தப் பெட்டியின் ஊஃபரிலிருக்கும் ரெண்டு வயரை மட்டும் மாற்றிச் செருகி மறுபடி செல்லை வையுங்கள். ரெண்டும் ஒரே பக்கம் குதித்தும் பேஸ் இல்லையா? ஆம்புக்குப் போகும் வயரில் ஒரு பக்கம் மாறியிருக்கிறது.